தோல் பந்துக்கு மாறும் விக்கெட் கீப்பர் பழக வேண்டியவை

வண்ணாரப்பேட்டையிலும் காசிமேட்டிலும் டென்னிஸ் பந்தை வெறுங்கையால் பிடித்து வளர்ந்தவர்கள், லீக் அணிக்காகத் தோல் பந்துக்கு மாறும்போது முதலில் விட வேண்டியது, பந்தை எட்டிப் பறிக்கும் பழக்கம். பறித்தால் விரல் நுனிகள்தாம் வீங்கும். இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்கு விரல்கள் தரையைப் பார்த்திருக்க வேண்டும். பந்து உள்ளங்கையில் பட்டதும் கைகள் சற்றே பின்வாங்க வேண்டும். தோனி அப்படிப் பின்வாங்காமலே ஸ்டம்பைத் தட்டிவிடுவார். அது அவருக்கு வரும், நமக்கு வராது.

என்னைக் கேட்டால், பழகுபவர்கள் பார்க்க வேண்டியவர் 1992-இல் அபர்டீனில் பிறந்த ஸ்காட்லாந்து கீப்பர் மேத்யூ கிராஸ். அவர் அணியின் இடக்கைச் சுழலர் மார்க் வாட், சில பந்துகளைக் கிரீஸுக்கு வெகு பின்னாலிருந்து, ஏறத்தாழ 24 கஜத்திலிருந்து வீசுவார். வீசும் கையை மட்டும் நம்பி எழும் கீப்பர் அந்தப் பந்துக்கு முன்னதாகவே நிமிர்ந்துவிடுவார், பந்தோ கால்களுக்கிடையே போய்விடும். ஆகவே பந்து தரையில் பட்டு எழும்வரை குந்தியே இருந்து, அதனுடனேயே எழ வேண்டும். சுவரில் ரப்பர் பந்தை எறிந்து, ஒரு குத்து விழுந்த பிறகே எழுவதென்று தினமும் பழகலாம். ஸ்டம்புக்கு முன்னால் கை நீட்டும் தெருப் பழக்கமும் உதவாது. பந்து மட்டையிலோ பேட்ஸ்மேன் மீதோ படாமல், ஸ்டம்பையும் கடக்காமல் இருக்கையில் கையுறை முன்னே வந்தால் நோபால்.

பேட்டிங்கையும் விட்டுவிடக் கூடாது. 2018 ஜூன் 10 அன்று எடின்பரோவின் கிரேஞ்ச் மைதானத்தில் ஸ்காட்லாந்து 371 ரன் குவித்தபோது, தொடக்க வீரராக இறங்கிய கிராஸ் 48 எடுத்தார். இங்கிலாந்து 365-இல் சுருண்டது. வித்தியாசம் 6 ரன். கீப்பர் கோட்டைவிடும் இரண்டு பைஸ் பவுண்டரிகள், அதாவது மட்டையில் படாமலே எல்லைக்கு ஓடும் பந்துகள், அதைவிட அதிகம்.

அடுத்தது குரல். 2021 நவம்பர் 3 அன்று துபாயில் நடந்த டி20 உலகக்கோப்பை ஆட்டத்தில், ஸ்காட்லாந்திடம் நியூசிலாந்து தோற்றால் இந்தியாவுக்கு நல்லது என்றிருந்த நிலையில், மொத்த இந்தியாவும் உன் பின்னால் நிற்கிறது என்று கிராஸ் பந்துவீச்சாளர் கிரீவ்ஸைத் தூண்டியது ஸ்டம்ப் மைக்கில் கேட்டு, இங்கே பலரையும் சிரிக்க வைத்தது. பந்துவீச்சாளரைப் பெயர் சொல்லி அழைத்து ஒரே வரியில் முடிப்பதே முறை. ஓவர் முழுக்கக் கத்துவது ஊக்கமாகாது.

ஆட்டம் முடிந்ததும் வியர்வையில் ஊறிய உள்ளுறைகளைத் தனியே கழற்றி நிழலில் உலர்த்த வேண்டும். மொட்டைமாடி வெயிலில் போட்டால் கையுறையின் ரப்பர் விறைத்து, பந்து ஒட்டாமல் வழுக்கும்.