பழைய ஆம்னியில் பேரிங், சஸ்பென்ஷன் வேலை: நீங்களே செய்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாருதி ஆம்னி உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. அதனால் இன்றைக்கு ரோட்டில் ஓடும் எந்த ஆம்னியும் புதுசு இல்லை, வாசலிலேயே கழற்றி மாட்டுகிறவர்களும் நிறைய. செய்யலாம்தான், முன்னால் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்), பின்னால் பட்டை ஸ்பிரிங், எளிமையான வண்டி. ஆனால் காசு வீணாவது பெரும்பாலும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே.

"ஊ..." என்று சக்கரத்திலிருந்து சத்தம் வந்ததுமே பேரிங் (சக்கரம் லேசாகச் சுழல உதவும் குண்டு வளையம்) வாங்க ஓடாதீர்கள். திட்டுத்திட்டாகத் தேய்ந்த டயரும் அப்படியேதான் கத்தும். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள், சத்தமும் கூடவே இடம் மாறினால் பேரிங் செலவு மிச்சம். வண்டியை வலது பக்கம் திருப்பும்போது பாரம் இடது சக்கரத்தில் ஏறும், எனவே அப்போது சத்தம் கூடினால் சந்தேகப்பட வேண்டியது இடது பேரிங்கை. இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு நல்ல பேரிங்கைக் கழற்றிப் போடுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் ஆட்டம். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆடுகிறதா? யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு).

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். ஆம்னியில் ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் கியர் பிடிப்பதும் பின் சக்கரத்தை மட்டும்தான். பின்பக்கத்தை முழுசாகத் தூக்கிவிட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போட்ட பிறகுதான் தூக்க வேண்டும். துருப்பிடித்த தரைத் தகட்டில் ஜாக்கியை வைத்தால் அது உள்ளே குத்திக்கொண்டு போகும்.

புது பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்குவதுதான் மகா தவறு. பேரிங்கின் வெளி வளையம் ஹப்புக்குள் (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம்) இறுக்கமாகப் போக வேண்டியிருக்கும்போது உள் வளையத்தில் தட்டினால், அடி முழுவதும் நடுவிலிருக்கும் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் சின்னச் சின்னப் பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கொஞ்ச நாளிலேயே பழைய "ஊ" திரும்பிவிடும், பழி கடைக்காரர் மேல் விழும். ஹப்பை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் பிரஸ்ஸில் ஏற்றித் தரச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பின் சக்கரத்தில் அதிலிருந்து கசியும் கியர் ஆயில் நேராக பிரேக் ஷூவில்தான் ஊறும்.

ஸ்ட்ரட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை: காயில் ஸ்பிரிங்கை ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) போட்டு அடக்காமல் மேல் நட்டைத் தொடாதீர்கள், ஸ்பிரிங் தெறித்தால் ஆள் காலி. அந்தக் கருவி கையில் இல்லையென்றால் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ரப்பர் புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறை) போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முழுசாக இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும். முதலில் கையால் இறுக்கி, வண்டி தரையில் நின்ற பிறகு கடைசி இறுக்கம் கொடுங்கள். நட்டு கழலாமல் பூட்டும் பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். பின் பட்டை ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளைக் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.