கார்பன் டை ஆக்சைடுக்குப் புள்ளிப் படம் வரைவது எப்படி?

கார்பனுக்கு இருபக்கமும் ஒவ்வொரு கோடு போட்டுவிட்டு, கணக்கு ஏன் இடிக்கிறது என்று ரொம்ப நாள் முழித்திருக்கிறேன். அதே இடத்தில் மாட்டியவர்களுக்காக இது. அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளியாகவும் கோடாகவும் காட்டுவதுதான் புள்ளிப் படம். அந்த எலக்ட்ரான்களை எண்ணத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு அணுக்கள் ஒரு சோடி எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்வதே பிணைப்பு என்று 1916இல் சொன்னவர் கில்பர்ட் லூயிஸ். நாம் போடும் ஒரு கோடு அந்தச் சோடிதான். சோடியம் குளோரைடுக்குக் கோடு போடாதீர்கள். அங்கே கொடுக்கல் வாங்கல்தான், பகிர்வு இல்லை.

பென்சிலும் அழிரப்பரும் போதும். தானே வரைந்து தரும் செயலிகள் வேண்டாம். விடை வரும், கை பழகாது.

1. மொத்தத்தை எண்ணுங்கள். கார்பன் 4, ஆக்சிஜன் இரண்டுக்கும் 12, ஆக 16. ஓரத்தில் எழுதி வட்டமிடுங்கள்.

2. கார்பனை நடுவில் வைத்து இருபுறமும் ஒரு கோடு. 4 செலவு, 12 மீதி.

3. மீதியை ஓரத்து அணுக்களுக்குக் கொடுங்கள். ஆளுக்கு 6 புள்ளி. கார்பனோ ஆக்சிஜனோ, ஒவ்வொன்றைச் சுற்றியும் எட்டு எலக்ட்ரான் வர வேண்டும்; கோட்டின் இரண்டும் இருபக்க அணுவுக்கும் கணக்கு. ஆக்சிஜன்களுக்கு எட்டு நிரம்பிவிட்டது, கையிருப்பு காலி. கார்பனிடம் நான்குதான் இருக்கிறது.

இங்கேதான் நான் கார்பன் பாவம் என்று நான்கு புள்ளி கூடுதலாக வைத்துவிடுவேன். எண்ணினால் 20! எலக்ட்ரான் வானத்திலிருந்து குதிக்காது.

4. புதிதாக வைக்காமல், இருப்பதை நகர்த்துங்கள். ஒவ்வொரு ஆக்சிஜனிலும் ஒரு தனிச் சோடியை (பகிராத இரண்டு புள்ளிகளை) அழித்து, அதைக் கார்பன் பக்கம் இரண்டாவது கோடாகப் போடுங்கள். ஆக்சிஜன் எதையும் இழக்கவில்லை. தன்னுடையதைப் பகிர்கிறது, அவ்வளவுதான். நான்கு கோடு 8, நான்கு தனிச் சோடி 8. பதினாறு சரி.

இரண்டு சோடியையும் ஒரே ஆக்சிஜனிலிருந்து எடுத்தால்? எட்டுக் கணக்கு அப்போதும் சரியாக வரும். ஆனால் கோட்டுக்கு ஆளுக்குப் பாதி என்று பிரித்துப் பாருங்கள்: மூன்று கோடுள்ள ஆக்சிஜனுக்கு ஒன்று குறைகிறது, மற்றதற்கு ஒன்று கூடுகிறது. அதாவது இரண்டிலும் மின்சுமை வந்துவிடுகிறது. மின்சுமை இல்லாத படம் இருக்கும்போது இது எதற்கு?

பின்சேர்க்கை: அம்மோனியம் அயனிக்கு (NH₄⁺) கணக்கு இடிக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். மேலே கூட்டல் குறி இருந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும்: 5+4−1=8. ஹைட்ரஜனுக்கு இரண்டே போதும். நைட்ரிக் ஆக்சைடில் மொத்தம் 11 வருகிறதே என்றால், தப்பு உங்களுடையது இல்லை. ஒற்றைப்படையில் எல்லோருக்கும் எட்டு கிடைக்காது. அப்புறம் போரான் டிரைஃபுளூரைடு: போரானை ஆறோடு விட்டுவிடுங்கள். அந்தக் காலி இடத்தால்தான் அம்மோனியா தனிச் சோடியோடு வந்ததும் போரான் அதைப் பற்றிக்கொள்கிறது.