கல்லுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள்: அரண்மனையிலும் தோட்டத்திலும் குடும்ப நிகழ்ச்சி நடத்துவோர் செய்யும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரர். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1777-இல் இறந்து, இங்கேயே அடக்கமானவர். கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் அந்தக் கல்லறையருகே நடந்த பொது உரை ஒன்றுக்குப் பிள்ளைகளோடு போயிருந்தேன். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நாலு பொன்னாடை என்று அரைமணி நேரம் அதிலேயே போனது. பேச்சாளர் விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று முக்கால் மணி நேரம் பேசினார். ஏழு வயதான என் இளையவள் மெல்ல நழுவிப் போய்க் குனிந்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். “அப்பா, இதுல தமிழ் இருக்கு!” என்று கத்தினாள். நடத்தியவர் திரும்பி, வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

இப்போது நாங்கள் சிலர் சேர்ந்து, பிள்ளைகளும் பெற்றோரும் ஒன்றாக வந்து பார்த்து, கேட்டு, கையால் செய்தும் பார்க்கிற குடும்ப நிகழ்ச்சிகளை அவ்வப்போது இப்படி நடத்துகிறோம். அடுத்தவரைக் குறை சொன்னது போதாதென்று, நாங்களும் எல்லாத் தவறும் செய்து பார்த்துவிட்டோம்.

முதல் தவறு, கல்யாண மண்டபத்து மேடையை அப்படியே தூக்கிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குள் போவது. பிள்ளைகள் உட்கார்ந்து கேட்பது பத்து நிமிடம், மிஞ்சிப்போனால் பதினைந்து. அந்தப் பதினைந்தையும் நாம் மாவட்டப் பிரமுகர்களுக்குக் கொடுத்துவிட்டால் பேச்சாளர் வந்து நிற்கும்போது எதிரே வெறும் பாய்தான் இருக்கும். பொன்னாடை போர்த்தியே தீரவேண்டுமென்றால் கடைசியில் போர்த்துங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை (ஒருவர் கோபித்துக்கொண்டார், அடுத்த மாதம் சரியாகிவிட்டது).

அடுத்தது, வந்தது வந்தோம், எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம் என்கிற ஆசை. பத்மநாபபுரம் அரண்மனை வளாகம் 6.5 ஏக்கர். மந்திரசாலை, தாய்க்கொட்டாரம், ஊட்டுப்புரை, நவராத்திரி மண்டபம் என்று ஒரே நாளில் இழுத்தால் பாதி வழியில் “அப்பா, ஐஸ்” தொடங்கிவிடும். இப்போதெல்லாம் எங்களுக்குப் பூமுகம் என்கிற முகப்பு மண்டபம் ஒன்றே போதும். அங்கே மர மச்சில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறது. ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, ஆளுக்கொரு பூவை மனசில் பிடித்துக்கொள்ளச் சொல்வோம். வெளியே முற்றத்தில் வந்து உட்கார்ந்து நினைவிலிருந்து வரைய வேண்டும். வரைந்ததும் மறுபடி உள்ளே போய் ஒத்துப்பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது பார்வையில்தான் விஷயமே இருக்கிறது. முதல் தடவை “பூ” என்று மட்டும் பார்த்தவன், இப்போது இதழை எண்ணுகிறான். “லே, எனக்குள்ளதுல எட்டு இதழ்லா, நான் ஆறு போட்டுட்டேன்!” அங்கே தொங்கும் குதிரை விளக்கைக் காட்டவே நேரமில்லாமல் போன நாள்களும் உண்டு. இன்னொரு தடவை வரட்டுமே.

வரையும்போது பென்சிலைப் பிடுங்கும் அம்மாக்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. அவர்களுக்கும் ஒரு தாள் கொடுத்துவிடுங்கள், தீர்ந்தது.

பேச்சு மொழியிலும் சறுக்குவோம். எங்கள் கூட்டத்துக்குக் களியக்காவிளை தாண்டி, கேரளப் பக்கத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அரண்மனைத் தூணைக் காட்டி “பலா மரம்” என்று பேச்சாளர் சொன்னபோது பாதிப் பிள்ளைகள் விழித்தார்கள். பின்னாலிருந்து ஓர் அம்மச்சி, “பிலாவு மக்களே, சக்கை காய்க்குமே, அந்த மரம்” என்றார். அவ்வளவுதான், அத்தனை பேரும் தூணைத் தடவப் போய்விட்டார்கள். தடவவும் விடக்கூடாது, கைவியர்வை பழைய மரத்துக்கு ஆகாது. தொட்டுப் பார்க்கவென்று ஒரு பிலாத்துண்டை நாமே பையில் கொண்டுபோவது நல்லது.

தோட்டத்தில் நடக்கும் பயிலரங்குகளில் பெரிய தவறு ஒன்று உண்டு. அதற்குச் சிரிக்க முடியாது. அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைக் கைவினைக்குக் கொடுப்பது. அதற்குள் இருக்கும் அப்ரின் கடுமையான நஞ்சு. மேலோடு கெட்டியாக இருக்கும்வரை உள்ளேயே கிடக்கும். மாலை கோக்க ஊசியால் துளைத்தாலோ, குழந்தை கடித்து மென்றாலோ வெளிவரும். ஒரு மணி வாய்க்குள் போனதென்று தெரிந்தாலும் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மஞ்சள் அரளிக்காயும் வாய்க்கால் கரையில் மாங்காய்போல் தொங்கும் ஒதளங்காயும் இதே வரிசை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணே போகலாம். நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஒருவர் போய் அந்த வழியை நடந்து பார்த்துவிட்டு வரவேண்டும். கைவினைக்குச் சிரட்டையும் உதிர்ந்த இலையும் தாராளமாகப் போதும். செடியிலிருந்து பறிக்க வேண்டாம். இலையச்சுக்கு நரம்பு புடைத்த அடிப்பக்கத்தில் வண்ணம் தடவுங்கள். மழை நனைத்த இலையைத் துடைக்காமல் வைத்தால் தாளில் வெறும் சேறுதான் பதியும்.

மழை என்றதும் நினைவு வருகிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனிலோ அக்டோபரிலோ மதியம் மூன்று மணிக்குத் திறந்தவெளியில் பாய் விரிப்பது துணிச்சல். காலை ஒன்பதரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தேதி. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டு மண்ணில். பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956-இல் மாவட்டம் இந்தப் பக்கம் வந்தபோதும் அரண்மனை அவர்கள் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. நம் காலண்டரை மட்டும் பார்த்துத் தேதி குறித்தால் மாட்டிக்கொள்வோம். திங்கட்கிழமை திறக்காது. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை இடைவேளை. திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்துக்கும் திங்கள் விடுமுறை. புதன் காலையிலும் பூட்டியிருக்கும். எங்கள் முதல் நிகழ்ச்சியைப் பள்ளி லீவைப் பார்த்துத் திங்கட்கிழமையில்தான் வைத்தோம். இருபத்திரண்டு பிள்ளைகள், பூட்டிய கதவு. வாசலில் நொங்கு விற்றுக்கொண்டிருந்த அண்ணாச்சி பனையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார், நடுவில் ஒவ்வொன்றாக வெட்டிக் கையில் கொடுத்துக்கொண்டே.