அஸ்வான் போனால் புதிய கலாப்ஷாவை விட்டுவிடாதீர்கள்

நூபியா என்பது எகிப்தின் தெற்கும் சூடானின் வடக்கும் சேர்ந்த பழைய நிலப்பகுதி. அதன் சின்னங்களைப் பார்க்க எகிப்துக்குப் போகும் பலர் அபு சிம்பெல் கோயில்களோடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் தென் எகிப்தில், நைல் நதியின் அஸ்வான் உயர் அணைக்குப் பக்கத்திலேயே, அந்த அணையால் உருவான நாசர் ஏரியில் புதிய கலாப்ஷா என்ற தீவு இருக்கிறது. அணை நீரில் மூழ்கவிருந்த கோயில்களை 1960-களில் கல் கல்லாகக் கழற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூட்டம் குறைவு, நிதானமாகப் பார்க்கலாம்.

படகில்தான் போக வேண்டும். ஏறும் முன்பே, போக வர எவ்வளவு, எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று படகோட்டியிடம் பேசி முடித்துவிடுங்கள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம்.

இங்குள்ள பெரிய கோயிலான கலாப்ஷா கோயிலைப் பார்த்ததும் கிளம்பிவிட வேண்டாம். பக்கத்தில் பெய்த் எல்-வாலி என்ற சின்னக் குடைவரைக் கோயில். அதன் முன்முற்றச் சுவரில், நூபியர்கள் எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்செஸுக்குத் திறை கொண்டுவரும் காட்சி: ஒட்டகச்சிவிங்கி, குரங்கு, யானைத் தந்தம், சிறுத்தைத் தோல்! வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கோடுகள் தெளிவாகத் தெரியும். அந்தச் சுவரைத் தொடாமல் பாருங்கள், நம் கை எண்ணெய்ப் பசையே கல்லைக் கெடுக்கும்.

அப்புறம், முதல் நாளே அஸ்வானின் நூபிய அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டால் இதெல்லாம் இன்னும் நன்றாகப் புரியும்.