கனடா மாணவர் விசா மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தை அணுகுவது எப்படி?

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊர்களான கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு விசா மறுப்புக் கடிதம் வந்தால், பெற்றோர் முதலில் கேட்பது, "எர்ணாகுளம் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமா?" என்பதுதான். முடியாது. முடிவெடுத்தது கனடா அரசு. அதைக் கேள்வி கேட்கும் இடமும் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம்தான். இதற்கு நீதித்துறை மறுஆய்வு என்று பெயர். இங்கிருந்தபடியே செய்யலாம்.

முதல் வேலை, தேதியைக் குறித்து வைப்பது. கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவு என்றால், அது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு போட வேண்டும். கனடாவுக்குள் எடுக்கப்பட்டதென்றால் 15 நாள்தான். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் ஏஜெண்டிடம் இருந்தால் இன்றே வாங்கி, கடிதத்தை நீங்களே திறந்து படியுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி அவகாசம் கேட்க வழி உண்டு. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

அடுத்து, காரணத்தைப் படியுங்கள். "படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை" என்பதே அடிக்கடி வருவது. குடிவரவு விதிகளின் 216வது பிரிவு அது. கடிதத்தில் இரண்டு வரிதான் இருக்கும். உண்மையான காரணம் அதிகாரியின் குறிப்புகளில் இருக்கும். அவை கைக்கு வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம், மனு போட்டதும் நீதிமன்றமே கேட்டு வாங்கும்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். உங்கள் பிள்ளைக்கு விசா பெறத் தகுதி இருக்கிறதா என்று நீதிபதி பார்க்க மாட்டார். அதிகாரியின் முன் அன்றைக்கு இருந்த காகிதங்களை வைத்துப் பார்த்தால், அவருடைய முடிவு நியாயமாக நிற்கிறதா என்று மட்டுமே பார்ப்பார். 2019இல் கனடா உச்ச நீதிமன்றம் வாவிலோவ் வழக்கில் வகுத்த அளவுகோல் இது. ஆகவே புதிதாக எடுத்த வங்கிச் சான்று பொதுவாக இங்கே செல்லாது.

எல்லைப்புறக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு, அதற்கு வில்லேஜ் ஆபீஸ் தந்த நிலவரி ரசீது மலையாளத்தில். பொள்ளாச்சிப் பக்கம் கொஞ்சம் நிலம். பட்டாவும் சிட்டாவும் தமிழில். ஒன்றில் அப்பாவின் பெயர் வீட்டுப் பெயரோடு இருக்கிறது, மற்றொன்றில் தாத்தாவின் பெயரோடு. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, இரண்டு பெயரும் ஒருவருடையவையே என்ற பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். அப்படியும் அதிகாரி "ஊரில் சொத்து எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தால் உங்கள் வழக்கு வலுவானது. மலையாள ரசீதை மொழிபெயர்க்காமல் அப்படியே ஏற்றியிருந்தால் வழக்குக்குப் பணம் செலவழிக்காதீர்கள். குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிப்பதே நல்லது. அதனால் அன்று சமர்ப்பித்த கோப்பு முழுவதையும் ஏஜெண்டிடமிருந்து கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் பாருங்கள். எதை ஏற்றினார், எதை விட்டார் என்பது அப்போதுதான் தெரியும்.

வழக்கறிஞர் கனடாவில் தொழில் செய்யும் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். குடிவரவு ஆலோசகர்கள் ஃபெடரல் நீதிமன்றத்தில் உங்களுக்காக வாதாட முடியாது. பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் ஏஜெண்ட் "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றால் வழக்கறிஞரின் பெயரைக் கேளுங்கள். அந்தந்த மாகாண வழக்கறிஞர் சங்கத்தின் இணையப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மனுக் கட்டணம் 50 கனடா டாலர், பெருஞ்செலவு வழக்கறிஞருக்குத்தான். ஜெயித்தாலும் அந்தச் செலவு பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. முதலில் வழக்கை விசாரிக்க அனுமதி கேட்க வேண்டும். நீதிபதி காகிதங்களைப் படித்தே அதை முடிவு செய்வார். மறுத்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது. அனுமதி கிடைத்தால் 30 முதல் 90 நாளுக்குள் விசாரணை. சில வழக்குகளில் அதற்கு முன்பே அரசுத் தரப்பு சமரசத்துக்கு வந்து, விண்ணப்பத்தை மறுபடி பரிசீலிக்க ஒப்புக்கொள்வதும் உண்டு.

வென்றால் விசா கையில் வந்துவிடாது. விண்ணப்பம் வேறொரு அதிகாரியிடம் திரும்பப் போகும். அவர் மறுபடி மறுக்கவும் கூடும். இதற்குள் வகுப்பு தொடங்கிவிடலாம் என்பதால், மனு போட்ட கையோடு கல்லூரிக்கு எழுதி, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கக் கேளுங்கள். புதிய சேர்க்கைக் கடிதம், புதிய வங்கிச் சான்று இரண்டையும் தயாராக வைத்திருங்கள். புதிய அதிகாரி கேட்டால் அப்போது அவை செல்லும்.