மசமசன்னு நிற்பதை ஜப்பானிய மொழியில் சொல்வது எப்படி? 'பொன்யரி' பழகலாம்

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கும் நம்மவர்கள் பலர் 'கிதைகொ' என்றதும் மிரளுகிறார்கள். ஓசையே இல்லாத நிலைகளை ஓசை நயத்தால் காட்டும் சொற்கள் அவை. ஆயிரக்கணக்கில் உண்டு. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் வேலை. 'பொன்யரி' என்ற ஒன்றை மட்டும் எடுத்துத் துருவிப் பார்ப்போம். தெளிவில்லாமல் மங்கலாக இருக்கும் நிலையைச் சொல்வது அது.

படி 1: வாய்க்குப் பழக்குங்கள்

முதல் எழுத்தை 'பஸ்' என்பதில் வரும் 'ப' போல ஒலியுங்கள். மேசையில் விரலால் நான்கு தட்டுத் தட்டிச் சொல்லுங்கள்: பொ, ன், ய, ரி. 'ன்'னுக்கும் ஒரு முழுத் தட்டு உண்டு. அவசரத்தில் 'பொஞரி' ஆக்கிவிடாதீர்கள். ஜப்பானியர்களின் ஒலி எழுத்துகளான ஹிராகனாவில் எழுதினாலும் நான்கே எழுத்து.

படி 2: மங்கியிருப்பது எது என்று பாருங்கள்

காட்சி மங்கினால்: 'யம க பொன்யரி மியெரு', மலை மங்கலாகத் தெரிகிறது. நினைவு மங்கினால்: 'பொன்யரி ஒபொஎதெ இரு', அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது.

ஆளே மங்கிப்போனால் 'சுரு' (செய்) என்ற வினை சேரும். 'ஷிதெ', 'ஷித' என்பவை அதன் வடிவங்கள்தான். 'பொன்யரி ஷிதெ இதெ, நொரிசுகொஷித': எங்கேயோ நினைப்பாக இருந்து, இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். 'பொன்யரி சுரு ந!' என்று அதட்டினால், நம் வீட்டு 'மசமசன்னு நிக்காதே!' அப்படியே வந்துவிடும்.

படி 3: ஒட்டுகளைச் சேருங்கள்

தமிழருக்கு இது கைவந்த இடம். 'மடமடவென்று', 'மசமசவென்று' என நாம் 'என்று' சேர்ப்பதுபோல அவர்கள் 'தொ' சேர்ப்பார்கள்: 'பொன்யரி தொ'. பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும்போது வரும் 'என்று'வுக்கும் அங்கே அதே 'தொ'தான்! ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. பொன்யரிக்குப் பின் 'தொ'வை விட்டுவிட்டாலும் தப்பில்லை.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'பொன்யரி ஷித' என்று வரும். 1927இல் உயிரை மாய்த்துக்கொண்ட எழுத்தாளர் அகுதகவ ர்யுனொசுகெ, தன் கடைசிக் குறிப்பில் காரணமாகச் சொன்னது எதிர்காலம் பற்றிய 'பொன்யரி ஷித ஃபுஅன்', உருவம் பிடிபடாத ஒரு கலக்கம். திட்டுவதற்கு மட்டுமான சொல் என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 4: பக்கத்துச் சொற்களோடு குழப்பாதீர்கள்

அதிகம் இடறுவது 'உக்கரி'யில். பொன்யரி ஒரு நிலை, உக்கரி அந்த நேரத்துக் கைப்பிசகு. குடையை மறந்துவிட்டு வந்தால் 'உக்கரி வசுரெத'. வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு உக்கரி பொருந்தாது, பொன்யரிதான். அவரே விடுமுறையை ரசித்துச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தால் 'நொம்பிரி'. காய்ச்சலில் தலை மந்தமாகிப்போனால் 'போத்தொ'. இதில் 'தொ' ஒட்டியே வரும், கழற்ற முடியாது.

எதிர்ச்சொல் 'ஹக்கிரி', பளிச்சென்று தெளிவாக.

படி 5: பயிற்சி

ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஒன்றைப் பார்த்து 'மியெரு' சேர்த்து ஒரு வாக்கியம், பள்ளி நாள் ஒன்றை நினைத்து 'ஒபொஎதெ இரு' சேர்த்து ஒன்று. இரண்டையும் எழுதியபின் பொன்யரியை எடுத்துவிட்டு ஹக்கிரியைப் போட்டு வாசியுங்கள். அமைப்பு மாறாது, பொருள் மட்டும் தலைகீழாகும்.