என்ஜின் பெயின்ட்டை உரிக்க முதலில் ஒரு காந்தம் வேண்டும்

பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தமே போதும். இரும்பு பேரல் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) வந்த காலத்துப் புல்லட் பைக் என்றால் காந்தம் பேரலில் ஒட்டும். ஹெட், கிராங்க் கேஸ், கிளட்ச் கவர் எதிலும் ஒட்டாது, அவை அலுமினியம். ஒட்டுவதைத் தனியாக, ஒட்டாததைத் தனியாக வைத்துக்கொண்டுதான் நான் எந்த மருந்து டப்பாவையும் திறப்பேன்.

ஏனென்றால் எங்கள் பெங்களூரு அல்சூர் பக்கம் யாரைக் கேட்டாலும் முதல் வைத்தியம் காஸ்டிக் சோடாதான். "ராத்திரி ஊறப் போடு, காலையில் பெயின்ட் தானாக வந்துடும்" என்பார்கள். வரும், கூடவே அலுமினியமும் கரைந்து வரும். பக்கெட்டில் நுரை பொங்குவது உலோகம் கரைவதால். அப்போது கிளம்புவது ஹைட்ரஜன், பக்கத்தில் பீடி பற்ற வைக்கக் கூடாது. காலையில் கிடைப்பது கறுத்துச் சொரசொரத்த, மரை தளர்ந்த ஒரு கவர். இரும்பு பேரல் காஸ்டிக்கைத் தாங்கும், ஆனால் உங்கள் கண் தாங்காது. நான் பேரலுக்கும் பெயின்ட் ரிமூவரைத்தான் பூசுகிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி: உரித்தே ஆக வேண்டுமா? பழைய பெயின்ட் பிளேடு முனைக்குச் செதிலாக எழும்பவில்லை, தின்னரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் அமுக்கி வைத்தாலும் இளகவில்லை என்றால், 320 நம்பர் வாட்டர் பேப்பரில் பளபளப்பைப் போக்கி அதன் மேலேயே அடிக்கலாம். இளகினால் உரித்தே ஆக வேண்டும். புது பெயின்ட்டில் உள்ள தின்னர் அதைச் சுருக்கிவிடும்.

சரி, உரிப்பது என்று முடிவானால் முதலில் பிசுக்கு போக வேண்டும். டீசலும் பிரஷும், அப்புறம் வெந்நீரும் பாத்திர சோப்பும். எண்ணெய் மேல் ரிமூவர் வேலை செய்யாது. ஆயில் சீல், ஓ ரிங் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், ரப்பர் ஊதிப்போகும். பிளக் ஓட்டையில் பழைய பிளக்கையும் போல்ட் ஓட்டைகளில் பழைய போல்ட்டுகளையும் முடுக்குங்கள். மாஸ்கிங் டேப்பை நம்ப வேண்டாம், ரிமூவர் பட்டால் அதன் பசை கரைந்துவிடும்.

ரிமூவர் ஜே.சி. ரோடு பக்கமும் கிடைக்கும், தெருமுனை ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். டப்பாவில் மெதிலீன் குளோரைடு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வேகமாக உரிப்பது அதுதான், ஆளைக் கொல்வதும் அதுதான். மூடிய அறையில் இதை வைத்து வேலை செய்தவர்கள் செத்திருக்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பதை அமெரிக்கா 2019-ல் தடை செய்தது. ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். பாத்ரூம், கார் ஷெட் எதுவும் வேண்டாம், மொட்டை மாடிதான் சரி. அங்கேயும் நிழலில் வையுங்கள். 40 டிகிரியில் கொதிக்கிற சரக்கு அது, வெயிலில் காய்ந்த டப்பாவைத் திறந்தால் முகத்தில் பீறும். மூடி மேல் துணி போட்டு மெல்லத் திறவுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மெல்லிய நைட்ரைல் கையுறை சில நிமிடத்தில் ஊறி உள்ளே விட்டுவிடும், எரிச்சல் தெரிந்த உடனே கழற்றிக் கை கழுவுங்கள்.

பூசுவதில்தான் பலர் கெடுக்கிறார்கள். சுவருக்கு அடிப்பது போல முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. தடிமனாக, ஒரே பக்கமாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மேலே மெழுகு ஆடை படியும், அதுதான் ஆவியை அடக்கி வைக்கிறது. திரும்பத் தடவினால் ஆடை கிழிந்து மருந்து பறந்துவிடும். காற்று அடிக்கிற நாளில் மேலே பாலிதீன் உறை போர்த்திவிடுவேன். பெயின்ட் சுருங்கி எழும்பும்வரை சுரண்ட வேண்டாம். எழும்பாத இடத்தில் பலத்தைக் காட்டாமல் இன்னொரு பூச்சு வையுங்கள்.

சுரண்ட மரக்குச்சி, ஃபின்களுக்கு (சூட்டைத் தணிக்கும் தகடுகள்) நடுவே ஐஸ் குச்சி, மூலைகளுக்குப் பித்தளை பிரஷ். இரும்பு பிரஷ் அலுமினியத்தில் கோடு போடும். கேஸ்கட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் அடைக்கும் தாள்) உட்காரும் முகத்தில் எமரி பேப்பரும் வேண்டாம், கிரைண்டரில் மாட்டுகிற நைலான் வட்டும் வேண்டாம். முகம் குழிந்தால் எண்ணெய் கசியும். வட்டு உதிர்க்கும் தூள் ஆயில் வழியில் புகுந்தால் பேரிங்கைத் தின்னும். ஆயில் வழி உள்ள கிராங்க் கேஸை மணல் பிளாஸ்டிங்குக்கு (காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது) அனுப்ப நான் சம்மதிக்காததற்கும் இதுதான் காரணம். வெறும் கவர் என்றால் மணலுக்குப் பதில் கண்ணாடி மணிகளைப் பீய்ச்சும் பிளாஸ்டிங் பரவாயில்லை.

உரிந்த சேற்றை மாடிக் குழாயில் விடாதீர்கள், அது கடைசியில் ஏரியில் போய்ச் சேரும். டப்பாவில் போட்டுக் காயவைத்து, அபாயக் குப்பையாகத் தனியே கொடுங்கள்.

கழுவிய இரும்பு பேரல் சீக்கிரம் துருவேறும், மழை மாதங்களில் கேட்கவே வேண்டாம். உடனே சூடான காற்றில் உலர்த்தி, தின்னரால் துடைத்து, அன்றைக்கே முதல் பூச்சு விழ வேண்டும். அலுமினியத்துக்கு அவ்வளவு அவசரமில்லை, ஆனால் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். பிரைமர் வாங்கும்போது மட்டும் டப்பாவைப் படியுங்கள். சாதாரண எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) பல என்ஜின் சூட்டில் நிற்காது, வெப்பம் தாங்கும் பெயின்ட் சிலவற்றை நேரே உலோகத்தின் மேல் அடிக்கச் சொல்லியிருப்பார்கள்.